ஆறுதல் சொல்லத் தெரியாத அக்கா

எங்கள் மூன்றாவது மாடியில் புதிதாக வேலைக்குச் சேருகிற எவருக்கும் முதல் வாரமே ஒரு எச்சரிக்கை கிடைத்துவிடும்: அக்காவைப் பார்த்து "சௌக்கியமா" என்று மட்டும் கேட்டுவிடாதே. கேட்டால் அவள் நின்றுவிடுவாள். கையிலிருப்பதை மேஜைமேல் வைப்பாள். கொஞ்சம் யோசிப்பாள். "இடது முட்டி வலிக்கறது. விடியறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துடறது. பசி நன்னாருக்கு" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, "உனக்கு?" என்று கேட்டு, பதிலுக்காகக் காத்தும் நிற்பாள்.

கேலி செய்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. கேட்டதற்குத் தெரிந்ததைச் சொல்வது, தெரியாவிட்டால் தெரியாது என்பது. இதைத் தவிர மனிதர்கள் கேள்விகளை வைத்துக்கொண்டு வேறென்ன செய்கிறார்கள் என்பது அவளுக்குப் பிடிபட்டதே இல்லை.

திருவனந்தபுரத்தில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தின் மைக்ரோஸ்கோப் அறையைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் நான். அக்கா அங்கே விஞ்ஞானி. விஞ்ஞானி என்றாலும் நிரந்தர வேலை இல்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை யாராவது நீட்டித்துக் கையெழுத்துப் போட வேண்டும். என்னைவிட எட்டு வயது மூத்தவள். கரமனை அக்ரஹாரத்தில், காது கேட்காத அப்பாவோடு இருந்தாள். நாங்கள் நாகர்கோவில் பக்கம். கல்யாணமாகி வந்து கரமனைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வாடகைக்கு இருந்தோம். அதனால் இரண்டு பேருக்கும் ஒரே பஸ். பாதி நாள் அந்த பஸ்ஸில் கண்டக்டராக இருப்பவர் என் வீட்டுக்காரர்.

அவர் மட்டும்தான் அக்காவிடம் தைரியமாக "எப்படி இருக்கீங்க மேடம்?" என்று கேட்பார். டிக்கெட் கிழித்துக்கொண்டே முழுப் பதிலையும் கேட்பார்.

"நூறு பேரு ஏறுதான் பகவதி," என்பார் என்னிடம். "எங்க எறங்கணும்னு கேட்டா ஒருத்தன் நேரா சொல்ல மாட்டான். இவங்கதான் சொல்லுவாங்க."

அக்கா ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று ஒருமுறை பஸ்ஸில் கேட்டேன். சுற்றிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"பொண் பார்க்க வந்தா. பாடத் தெரியுமான்னு கேட்டா. தெரியும், ஆனா கேக்க நன்னாருக்காதுன்னேன். எங்காத்துக்குப் பொண்ணா இருப்பியோன்னு அந்த மாமி கேட்டா. இப்போ எப்படிச் சொல்ல முடியும், ஒரு வருஷம் கழிச்சுக் கேளுங்கோன்னேன். அவா கேக்க வரலை."

முன் சீட்டில் இருந்த ஒரு அம்மா சிரித்துவிட்டாள். அக்காவுக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

அவள் வேலை என்ன என்பதை எனக்குப் புரிகிற மாதிரி சொன்னதும் அவள்தான். நம் உடம்பின் செல் எதையாவது பிடித்துக்கொண்டுதான் உயிர் வாழும். பிடிப்பதற்கென்று அதன் மேல்தோலில் சில புரதங்கள் உண்டு. வளரச் சொல்லி வெளியிலிருந்து வரும் சேதியை வாங்க வேறு சில புரதங்கள் உண்டு. இரண்டும் தனித்தனி என்றுதான் ரொம்பக் காலம் நினைத்திருந்தார்களாம். அப்படி இல்லை. பிடி இல்லாத செல்லுக்கு வளர்ச்சிச் சேதி வந்தாலும் அது அரைகுறையாகத்தான் காதில் விழும். பிடித்துக்கொண்டிருக்கும் செல் அதே சேதியை உரக்கக் கேட்கும், நெடுநேரம் கேட்கும். புற்றுநோய்ச் செல்லில் இந்தக் கூட்டு எப்படி நடக்கிறது என்பதுதான் அக்காவின் பத்து வருஷம்.

பிடிக்கும் புரதத்துக்குப் பச்சைச் சாயம், சேதி வாங்கும் புரதத்துக்குச் சிவப்பு. இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் படத்தில் மஞ்சளாகத் தெரியும். ஒரு நாள் என் மைக்ரோஸ்கோப்பில் செல்லின் ஓரம் முழுக்க மஞ்சள் விழுந்தது. அப்படி ஒரு அழகு. நான் கைதட்டிவிட்டேன். எங்கள் பிரிவுத் தலைவர், மலையாளியான சார், கீழேயிருந்து ஓடி வந்தார். மறுநாள் எங்கள் வேலையைப் பார்வையிட டெல்லியிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது.

"இதல்லே நம்ம ரெண்டு வருஷமா தேடினது!" என்றார். "ரிப்போர்ட்ல முதல் பக்கத்துல போடணும்."

அக்கா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம், "பச்சை மாத்திரம் போட்ட தட்டு ஒண்ணு இருக்கு. அதை வை" என்றாள். வைத்தேன். சிவப்பே போடாத அந்தத் தட்டிலும் சிவப்புத் திரையில் வெளிச்சம் தெரிந்தது.

"பச்சை சிவப்புக்குள்ள ஒழுகறது சார். இந்த மஞ்சள்ல பாதி பொய்."

"அதை நாளைக்கு அவங்க போனப்பறம் பாத்தாப் போராதா?"

"போராது."

மறுநாள் குழுவுக்கு முன்னால் வைத்த ரிப்போர்ட்டில் அக்காவின் பக்கம் வெறுமையாக இருந்தது. மூன்று வாரம் கழித்து எல்லாவற்றையும் சரிசெய்து மறுபடி எடுத்தோம். செல்லுக்கு ஓரமாக ஏழெட்டு மஞ்சள் புள்ளிகள். அவ்வளவுதான். அக்காவுக்கு அன்றைக்கு முகம் முழுக்கச் சந்தோஷம். சார் அந்தப் படத்தைப் பார்க்க மேலே வரவில்லை.

அப்போதெல்லாம் அவளுடைய இந்தக் குணத்தை நான் ஊரெல்லாம் மெச்சிக்கொண்டு திரிந்தேன். அது என் வீட்டு வாசலுக்கு வந்தபோதுதான் தாங்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு ஒரு மழைக்காலத்தில் இருமல் வந்தது. பீடி, சிகரெட் எதுவும் தொட்டதில்லை. டீசல் புகை என்று நினைத்தோம். ஓணத்துக்கு முன்பு மூச்சு முட்ட ஆரம்பித்தது. நுரையீரலைச் சுற்றி நீர். பரிசோதனை எல்லாம் முடிந்து டாக்டர் சொன்னது புற்றுநோய். ஆனால் அதிலும் ஒரு நல்லது உண்டு, வளர்ச்சிச் சேதி வாங்கும் புரதத்தில்தான் கோளாறு, அதை அடைக்க மாத்திரை இருக்கிறது, ஊசி வேண்டாம், தினம் ஒன்று போட்டால் போதும்.

மாத்திரை மாயம் செய்தது. ஆறே வாரத்தில் மனிதர் எழுந்து, கரமனைப் பாலத்தை நடந்து கடந்து, மீன் வாங்கி வந்தார். முகமெல்லாம் சிவந்து பருவாக வந்தது. அது மருந்து வேலை செய்கிற அடையாளம் என்றார்கள். மறுபடி டூட்டிக்குப் போனார். எங்கள் மகள் அனு அப்போது எட்டாம் வகுப்பு. "அப்பா வீண்டும் பஸ்ஸுல கேறியாச்சு" என்று மலையாளமும் தமிழுமாகக் கூட்டாளிகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் ஒரு டப்பா நிறைய உண்ணியப்பம் சுட்டு மாடிக்குக் கொண்டுபோனேன். சாப்பாட்டு அறையில் எல்லாருக்கும் கொடுத்தேன். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். அக்காவும் ஒன்று எடுத்துக்கொண்டாள். நான் கேட்டேன்:

"இனி பயப்படாண்டாம், இல்லியாக்கா?"

அவள் கடிக்கப் போன உண்ணியப்பத்தைத் தட்டில் வைத்தாள். யோசித்தாள்.

"பயப்படணும்," என்றாள். "இந்த மாத்திரை சேதி வர்ற ஒரு வழியைத்தான் அடைக்கறது. செல் பிடிச்சிண்டிருக்கே, அந்தப் பிடி வழியாவும் சேதி உள்ள போறது. ரெண்டும் உள்ள ஒரே எடத்துலதான் போய்ச் சேர்றது. அதனால கொஞ்சம் செல் தாக்குப்பிடிச்சிண்டு இருக்கும். அப்பறம் திரும்ப வளரும். எப்போன்னு தெரியாது. சில பேருக்கு வருஷக்கணக்கா நிக்கும். ஆனா திரும்ப வரும் பகவதி."

எதிரே இருந்தவர்கள் கையிலிருந்த உண்ணியப்பத்தைத் தட்டில் வைத்துவிட்டார்கள்.

"நீங்க என்ன தெய்வமா?" என்றேன்.

"இல்லையே," என்றாள் அக்கா.

அதற்கும் பதில் சொன்னாளே என்றுதான் எனக்கு ஆத்திரம் பொங்கியது. டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து ஒன்றரை வருஷத்துக்கு மேல் அவளோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் தட்டோடு வருவாள். நான் லேசரைப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே போய் நிற்பேன். சாயங்காலம் முந்தின பஸ்ஸைப் பிடிப்பேன். முதல் மாதம் அவள் என்னைப் பார்த்துப் பார்த்து நின்றாள். பிறகு அதுவும் இல்லை. என்ன தப்பு என்று அவளுக்குத் தெரியவில்லை என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

வீட்டில் நான் சட்டம் போட்டுவிட்டேன். நோயைப் பற்றிப் பேசக் கூடாது. "திரும்ப வந்தா" என்று அவர் ஆரம்பித்தாலே, "அபசகுனமா பேசாதீங்க" என்று எழுந்துபோவேன். ஆற்றுகால் அம்மன் கோவிலில் பொங்கலிட்டேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்குப் போட்டேன். அவரும் சிரித்துக்கொண்டு திருநீறு பூசிக்கொள்வார். டாக்டர் நடக்கச் சொன்னார் என்று வாரம் இரண்டு மூன்று நாள் சாயங்காலம் ஆற்றங்கரைப் பக்கம் நடந்துவிட்டு வருவார். திரும்பி வரும்போது முகம் தெளிந்திருக்கும். மருந்தும் காற்றும்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு வருஷம் அப்படிப் போனது. அடுத்த கார்த்திகை கழிந்து, "போனக்காட்டுக்குப் போவோம்" என்று திடீரென்று பிடிவாதம் பிடித்தார். அவர் பிறந்தது அங்கேதான். திருநெல்வேலியிலிருந்து தேயிலை பறிக்கப் போன குடும்பம். அவருடைய கூடப்பிறந்த அக்காள் இன்னமும் அந்த மலைமேல் இருந்தாள்.

"இந்தக் குளிர்லயா? பிள்ளைக்குப் பரீட்சை வருது. வெயில் காலத்துல போலாம்."

"இப்ப மூச்சு இருக்கு பகவதி. இப்பப் போவோம்."

விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தேன். போனோம். விதுரையிலிருந்து வளைந்து வளைந்து ஏறுகிற பாதை முழுக்க அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து அனுவுக்குக் கதை சொல்லிக்கொண்டே வந்தார். தேயிலைத் தொழிற்சாலை பூட்டிக் கிடந்தது. தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களில் பாதிக்குக் கூரை இல்லை. தான் பிறந்த வீட்டுக்கு முன்னால் நின்று, எந்த மூலையில் அடுப்பு, எந்தச் சுவரில் அம்மா கூடையை மாட்டுவாள் என்றெல்லாம் மகளுக்குக் காட்டினார். பழைய ஆட்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஏறிப்போய்க் கையைப் பிடித்துப் பேசினார். கிளம்பும்போது தன் அக்காள் கன்னத்தைத் தடவி, "வாறேன்க்கா" என்றார். அந்த அம்மா ஏன் அப்படி அழுதாள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வழியெல்லாம் இருமினார். மலைக் குளிர் என்றார்.

இறங்கி வந்த வாரம்தான் என்னை உட்காரவைத்து, நோய் திரும்பிவிட்டது என்று சொன்னார். அதன்பிறகு ஊசி, நீர் எடுப்பது, மறுபடி ஊசி. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரத்தில், நல்ல மழையில், போய்விட்டார்.

அன்றைக்கு அக்கா வந்தாள். கேட்டுக்கு வெளியே குடையோடு நின்றாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீ சொன்னது நடந்துவிட்டது, பார்த்துக்கொள் என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் உள்ளே வரவில்லை. அவரைக் கொண்டுபோகும் வண்டி கிளம்பும்வரை அங்கேயே நின்றாள் என்று பிறகு சொன்னார்கள்.

பதினாறாம் நாள் முடிந்து, அவரோடு வண்டி ஓட்டிய சசி வீட்டுக்கு வந்தார். அவர் மலையாளி. சும்மா துக்கம் கேட்டுக்கொண்டிருந்தவர், "சேட்டன் ஸ்கேனுக்கு வந்தப்பல்லாம் அந்தக் கரமனை மேடம் கூடவே இருந்தது. நல்ல மனசு" என்றார்.

"எந்த மேடம்?"

"சேச்சி ஆப்பீஸ்ல உள்ள மேடம். அறியாதா?"



மறுநாள் வேலைக்குப் போனேன். அக்கா மைக்ரோஸ்கோப் அறையில் இருந்தாள். கதவைச் சாத்திவிட்டு, ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

"அவரோட ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

"போனேன். நாலு தடவை."

"எனக்குத் தெரியாம அவரை எங்க பாத்தீங்க?"

"எங்க அக்ரஹாரத்துப் பின்னாடி, ஆத்துப் படித்துறையில. சாயங்காலம் வந்து படியில உக்காந்துப்பார். மொதல் நாள் வந்து, 'எங்க வீட்டுக்காரிகிட்ட என்னமோ சொன்னீங்களாமே மேடம், அதை எனக்கும் சொல்லுங்க'ன்னார். சொன்னேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

அக்கா யோசித்தாள். முழுவதும் நினைவில்லை, நினைவிருப்பதைச் சொல்கிறேன் என்றாள். செல் இரண்டு சேதியும் வந்தால்தான் வளரும் என்றதும் அவர் சிரித்தாராம். "ஒத்த பெல்லுக்கு வண்டி எடுக்க மாட்டான். ரெண்டு பெல் அடிக்கணும். அதானே மேடம்?" என்றாராம். பத்து வருஷமாகத் தான் சொல்லிவந்ததை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை என்றாள் அக்கா. அதன்பிறகு வெளியூர்க் கூட்டங்களில் பேசும்போது அந்த ரெண்டு பெல்லைத்தான் சொன்னாளாம்.

"கார்த்திகை சமயம் இருமல் திரும்பித்து. எங்கிட்டதான் மொதல்ல சொன்னார். டாக்டர்கிட்ட போங்கோன்னேன். தனியாப் போகப் பயமா இருக்குன்னார். கூடப் போனேன். ஸ்கேன் பார்த்துட்டு வெளியில வந்து, 'மலை ஏற எவ்வளவு நாள் இருக்கு மேடம்?'னு கேட்டார். தெரியாது, ஆனா போறதா இருந்தா இந்த மாசம் போங்கோன்னேன்."

போனக்காட்டு லயத்து வாசலில் அவர் நின்ற நிற்பு எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அவர் சொல்லாதீங்கோன்னார். 'அவ நம்பிக்கிட்டு இருக்கட்டும் மேடம். வீட்டுக்குள்ள ஒரு ஆளாவது நம்பிக்கிட்டு இருக்கறது எனக்குத் தெம்பா இருக்கு'ன்னார்." அக்கா கொஞ்சம் நிறுத்தினாள். "நீ எங்கிட்டப் பேசாம இருந்தது உபகாரமாப் போச்சு. நீ கேட்டிருந்தா என்ன பண்ணிருப்பேன்னு எனக்குத் தெரியலை."

நான் அழுதேன். அவள் என்னைத் தொடவில்லை, தேற்றவில்லை. தேற்றத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் மூக்கைச் சிந்தி முடித்ததும், "அன்னிக்கு உண்ணியப்பம் கொண்டுவந்தப்போ ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு சின்னப் பெண்ணின் மிரட்சி இருந்தது.

"நீ கேட்டே. அது கேள்வின்னு நினைச்சேன்."

அதற்கு மேல் அவள்மேல் கோபப்பட எனக்கு எதுவும் மிச்சமில்லை.

அவள் எழுந்தாள். "இன்னொண்ணு இருக்கு. நீ கேக்கலை. ஆனா சொல்லணும்," என்றாள். அவளிடமிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

மாசி மாதம் நுரையீரலைச் சுற்றியிருந்து எடுத்த நீரில் கொஞ்சத்தை ஆராய்ச்சிக்குக் கொடுக்க அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அது அக்காவின் அறைக்கு வந்திருக்கிறது. குப்பியில் பெயர் இருக்காது, நம்பர்தான் இருக்கும். ஆனால் அவளுக்குத் தெரியும். அதிலிருந்த புற்றுநோய்ச் செல்கள் தட்டில் ஒட்டிப் பிடித்து வளர்ந்துவிட்டன. நான் அண்ணன் மகள் சடங்குக்கு நாகர்கோவில் போயிருந்த நாளில் அவர் மாடிப்படி ஏறி, தளத்துக்குத் தளம் நின்று மூச்சு வாங்கி, வந்து பார்த்திருக்கிறார்.

"என்ன சொன்னாரு?"

"'பாக்க நல்லாத்தான் இருக்கு'ன்னார். ரொம்ப நேரம் பார்த்தார்."

"இப்பவும் இருக்கா?"

"இருக்கு. பார்க்கறியா?"

பார்த்தேன். கதகதப்பான பெட்டியிலிருந்து தட்டை எடுத்து வைத்தாள். என் வேலையே அதுதான். ஆயிரக்கணக்கில் பார்த்தவள் நான். ஆனாலும் ஃபோகஸை இரண்டு தடவை திருக வேண்டியிருந்தது. நீள நீளமாகக் கையை நீட்டித் தட்டைப் பற்றிக்கொண்டு, பக்கத்தில் பக்கத்தில், உயிரோடு கிடந்தன. அவரைக் கொன்றவை. அவர் உடம்பில் இன்னும் சாகாமல் இருந்ததும் அவைதான்.

"இது அவராக்கா?"

"இல்லை. அவருக்கு வந்த வியாதி." உடனே சொன்னாள். பிறகு யோசித்தாள். "அவரோடதும்தான். எனக்குச் சரியாச் சொல்லத் தெரியலை பகவதி."

தட்டைத் திரும்ப வைத்துவிட்டு வந்து, நின்றபடியே சொன்னாள்.

"அன்னிக்கு உங்கிட்ட ஒரு காரணம் சொன்னேன். பிடி வழியா சேதி போறது, அதனாலதான் மாத்திரை நிக்காதுன்னு. இவர் செல்லுல அந்தப் பிடியையும் தடுத்துப் பார்த்தேன். மாத்திரையும் குடுத்துப் பார்த்தேன். மூணு தடவை. ஒரு வித்தியாசமும் இல்லை. வேற காரணம். சேதி வாங்கற புரதமே இன்னொரு எடத்துல மாறிடுத்து. ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டும் அப்படித்தான் சொல்றது. மத்த செல்லுல நான் பார்த்ததெல்லாம் நிஜம்தான். ஆனா இவர் விஷயத்துல நான் உங்கிட்டச் சொன்னது தப்பு. திரும்ப வரும்னது மாத்திரம்தான் சரி."

அவள் குரல் உடைந்ததை நான் கேட்டது அந்த ஒருமுறைதான். "அது சரியா இருந்ததுக்கு எனக்குச் சந்தோஷம் இல்லை," என்றாள்.

தட்டுகளை என்ன செய்யட்டும் என்று கேட்டாள். மருந்தூற்றி அழித்துவிடலாம், அல்லது உறைய வைத்துப் பத்திரப்படுத்தலாம். காகிதப்படி அது நிலையத்தின் முடிவு, ஆனாலும் நீ சொல், நான் அவர்களிடம் பேசுகிறேன் என்றாள். நான் இரண்டு நாள் யோசித்தேன். கொன்றுவிடுங்கள் என்று சொல்லத்தான் போனேன். வாயில் வந்தது, "இருக்கட்டும்க்கா."

அந்த வருஷம் முழுக்க நாங்கள் மறுபடி ஒரே பஸ்ஸில் போனோம். அவரில்லாத பஸ். அக்கா அனுவுக்குக் கணக்கில் சந்தேகம் தீர்த்தாள். ஒரு நாள் அனு, "அப்பாவுக்கு வேதனை இருந்துச்சா ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டாள். நான் அடுக்களையில் அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன். "இருந்தது," என்றாள் அக்கா. "கடைசி ரெண்டு நாள் மருந்து குடுத்ததால தெரிஞ்சிருக்காது. அதுக்கு முன்னாடி இருந்தது." அனு அன்றைக்குத்தான், அவர் போனபின் முதல் தடவையாக, சத்தம்போட்டு அழுதாள். அக்கா நோட்டை மூடி வைத்துவிட்டு அவள் அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள்.

அவர் செல்லில் கிடைத்ததை அக்கா கட்டுரையில் சேர்த்தாள். அதைச் சேர்க்காமல் இருந்தால் கதை நேராக இருக்கும், பெரிய ஆய்விதழில் வரும் என்று சார் எவ்வளவோ சொன்னார். "ஒரே ஒரு ஆளோட செல் அல்லே?" என்றார். "ஒரு ஆள்தான்" என்றாள் அக்கா, சேர்த்தே அனுப்பினாள். அது சின்ன இதழில் வந்தது. அடுத்த முறை அவளுக்கு நீட்டிப்புக் கையெழுத்து விழவில்லை. காரணம் வேறாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது.

அதற்குள் அவள் அப்பாவும் போயிருந்தார். அக்ரஹாரத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, வடக்கே எங்கேயோ இருக்கும் தம்பி வீட்டுக்குப் புறப்பட்டாள். தம்பி மனைவிக்கும் அவளுக்கும் ஒத்துப்போகாது என்பது எனக்குத் தெரியும்; அவளே சொல்லியிருக்கிறாள். ரயிலுக்குப் போக ஆட்டோ கிடைக்காமல் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். ஒரு பெட்டி, ஒரு தோள்பை. நான் அரைநாள் லீவு போட்டுவிட்டு ஓடினேன். ஐப்பசியின் துலாவர்ஷ மழை கொட்டிக்கொண்டிருந்தது.

கேட்க எனக்கு நிறைய இருந்தது. திரும்பி வருவீர்களா, அங்கே போய் என்ன செய்வீர்கள், என்மேல் வருத்தம் உண்டா. ஒவ்வொன்றும் நாக்குநுனி வரை வந்தது. கேட்டால் சொல்லிவிடுவாள். அவள் பெட்டியை வாங்கி நனையாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டேன்.

பஸ் வர நேரமாயிற்று. அதுவரை இரண்டு பேரும் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.